ஒரே முகவரியில் ஐந்து கணவர்கள்

வழக்கறிஞரின் மேசையில் ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொட்டிவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கட்டி லண்டன் வந்த என் கணவருக்கு விசா முடியப்போகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் நாங்கள் இருவரும் உண்மையாகவே ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறோம் என்று காட்ட வேண்டும். எங்கள் இருவர் பேருக்கும் ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் ஆறு வேண்டும், அவையும் மூன்று இடங்களிலிருந்தாவது வந்திருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் அறுபது கொண்டுபோயிருந்தேன்.

இல்ஃபோர்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலேதான் அவருடைய அலுவலகம். என்னைவிட இளையவர். கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சீட்டுப் பிரிப்பதுபோல ஐந்து குவியலாக வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இந்தப் பேப்பருகளின்படி உங்களோட அஞ்சு ஆம்பிளையள் இருக்கினம்."

ஒருவரையே சமாளிக்க முடியாமல் இருக்கும்போது ஐந்து பேரா என்று குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எங்கள் வழக்கப்படி தகப்பன் பேர் முன்னுக்கு வரும், பிள்ளையின் பேர் பின்னுக்கு வரும். இந்த நாட்டுப் படிவங்களுக்கு அது விளங்காது. தகப்பன் பேரும் இவர் பேரும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து. தண்ணீர்க் கம்பனி அதைப் பாதியில் வெட்டியிருந்தது. வங்கி ஒரு பேரை இரண்டாக உடைத்திருந்தது. கவுன்சில் ஒரு 'எச்'சை விழுங்கிவிட்டது. காஸ் கம்பனியின் கடிதத்தில் இருந்த மனிதரை எனக்கே யாரென்று தெரியவில்லை. பல் வைத்தியரோ என் மாமனாருக்குக் கடிதம் போட்டிருந்தார். மாமனார் தன் வாழ்நாளில் கொழும்பைத் தாண்டியதில்லை.

"ஏலுமானதைத் திருத்துங்கோ. திருத்தேலாததுக்கு, எல்லாப் பேரும் நான்தான் எண்டு உங்கட அவர் சத்தியக் கடதாசி ஒண்டு முடிக்க வேணும்" என்றார் வழக்கறிஞர்.

அன்று பின்னேரம் கணவர் டிப்போவிலிருந்து வந்தார். பஸ் எஞ்சின் திருத்துகிற வேலை. கையில் கிறீஸ் காயுமுன்னே பிடித்து உட்காரவைத்து, காஸ் கம்பனிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கத்துப் பெடியன் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னான். இவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"எஸ் ஃபோர் சொதி. பி ஃபோர் புட்டு."

"என்னப்பா செய்யிறியள்? அவனுக்குப் புட்டு தெரியுமே?" என்று நான் குசினி அடுப்படியில் நின்று கத்தினேன்.

"தெரியாட்டில் அவனுக்குத்தான் நட்டம்" என்றவர், 'டி ஃபோர் தோசை' வரைக்கும் போனார். பத்து நாளில் புதுக் கடிதம் வந்தது. இருபத்தாறு எழுத்தும் பிசகாமல் இருந்தன. ஆனால் முன்னால் 'மிஸ்டர்' போய் 'மிஸிஸ்' வந்திருந்தது.

பல் வைத்தியரிடம் பேரைத் திருத்தத்தான் இவர் அசையவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். எனக்கு விசர் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான் என்று கத்தினேன். "அடுத்த வெள்ளி எனக்கு அப்பொயின்ட்மென்ட். நீரும் வாரும், பாரும்" என்றார்.

போனேன். வரவேற்பு மேசையில் சுவிங்கம் சப்பிக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். கணினியைப் பார்த்து, நிமிராமலே என் மாமனாரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அடைமொழியில்லை, மரியாதையில்லை, மொட்டைப் பேர். என் கணவர் முகம் முழுக்கச் சிரிப்போடு எழுந்து நின்றார். கலியாணப் படத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். அவருக்கு ஒரு கன்னம் விறைத்திருந்தது.

"ஐயா இருபது வருசம் பிரின்சிப்பல். ஊரே சேர் எண்டுதான் கூப்பிடும். அம்மா இண்டைக்கு வரைக்கும் அவற்ற பேரைச் சொன்னதில்லை. வீட்டில அந்தப் பேரைச் சொன்னால் அடி விழும். இங்க ஒரு பிள்ளை சுவிங்கம் சப்பிக்கொண்டு அந்தப் பேரைக் கூப்பிடுது. நான் எழும்பிப் போய் வாயைத் திறக்கிறன். அவையள் ஊசி குத்தீனம், பல்லுப் புடுங்கீனம், எல்லாம் ஐயாவின்ர பேரில. எனக்கு எவ்வளவு சந்தோசமெண்டு உமக்கு விளங்காது."

எனக்கு விளங்கியது. மாமனார் தந்த தேநீரைக் குடிக்கும்போது நானே எழுந்து நின்று குடித்தவள். பல் வைத்தியரை அப்படியே விட்டுவிட்டோம்.

மிச்சத்தைச் சத்தியக் கடதாசி பார்த்துக்கொண்டது. அதற்கு வேறொரு வழக்கறிஞர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அடுத்த தெருவில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இருந்தார். சிரிக்கவே தெரியாத முகம். எங்கள் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த பட்டியலை ஒவ்வொன்றாக, பல்லை உடைத்துக்கொண்டு வாசித்தார்.

"இது நீங்களா?"

"நான்தான்."

"இது?"

"அதுவும் நான்தான்."

வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல இருந்தது. கடைசிப் பேருக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். தாளைப் பார்த்தார், என் கணவரின் மீசையைப் பார்த்தார்.

"இந்தத் திருமதி?"

"அவவும் நான்தான், ஐயா" என்றார் என் கணவர், மெத்தப் பணிவாக.

கிழவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முத்திரை குத்தினார்.

விண்ணப்பம் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள், கதவடியில் ஏதாவது கடிதம் விழுந்தால் ஓடிப்போய் எடுப்பேன், பீட்சாக் கடை விளம்பரமாக இருந்தாலும். என் அம்மா சொன்னாவென்று ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். இவர் பக்தியோடு நிற்கிறாரென்று நினைத்தால், பக்கத்து மடப்பள்ளியில் என்ன அன்னதானம் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பயமில்லையே?" என்று கேட்டேன். "இருக்கு. அதுதான் பசிக்குது" என்றார். அதற்குப் பிறகு நான் ஏசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. இன்னும் இரண்டரை வருடம் தந்திருந்தார்கள். நான் வேலையிடத்துக் கழிப்பறைக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். மாமா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இரண்டரை வருசம் முடிய?" என்று கேட்டார்.

"திரும்பவும் காட்ட வேணும் ஐயா, ஒண்டாத்தான் இருக்கிறமெண்டு."

"அப்ப பள்ளிக்கூடத்துத் தவணைச் சோதினை மாதிரி." கமராவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். "அது சரி, இந்த முறை வகுப்பில இவன் எத்தினையாம் பிள்ளை?"

தகப்பன் பகிடி விடுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று இவருக்குத் தெரியவில்லை. தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, "நீர் சொல்லும்" என்றார்.

"பாஸ் மட்டுந்தான் மாமா" என்றேன். "பிள்ளை, அவனுக்கு அதுவே போதும்" என்றார் அவர்.