ஊரையும் சேர்த்துப் போட்ட கோடு

வனத்துறை ரேஞ்சர் போன் செய்தபோது நான் ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சித்தூர்ப் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"சார், உங்க மேப் பக்காவா இருந்துச்சு. அதை வெச்சுத்தான் சிறுத்தையைப் பிடிக்க ஆர்டர் வாங்கினோம். கூண்டு கிளம்பிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிடிப்பதற்கென்று நான் எந்த மேப்பும் போடவில்லையே.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வே பட்டறை, நான் பிறந்தது வளர்ந்தது ஹைதராபாத் குவார்ட்டர்ஸில். வனவிலங்கு ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிட்டயர் ஆகும்வரை மேப் போட்டேன். காட்டைப் பார்த்ததைவிட கம்ப்யூட்டரைப் பார்த்ததுதான் அதிகம். நகரத்துக்கு வெளியே பாறைக்குன்றுகளில் திரிந்த ஒரு பெண் சிறுத்தைக்கு ரேடியோ காலர் மாட்டியிருந்தோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது எங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளி வரும். ஓரத்துப் புள்ளிகளையெல்லாம் கோட்டால் இணைத்தால் ஒரு பாலிகான், அதாவது பலகோண வடிவம், கிடைக்கும். அதைத்தான் அதன் நடமாட்ட எல்லை என்று எழுதுவோம். பழைய முறை, சுலபமான முறை.

நான் செய்த காரியம் என்னவென்றால், மேப் பளிச்சென்று இருக்கட்டும் என்று புள்ளிகளை எடுத்துவிட்டு, கோட்டுக்குள் முழுக்கச் சிவப்பு அடித்து ரிப்போர்ட்டோடு வனத்துறைக்கு அனுப்பிவிட்டேன். அழகு பார்த்த புத்தி. ஃபைலைத் திறந்து பார்த்தால், இரண்டு குன்றுக்கு நடுவே இருந்த ஊர் சிவப்புக்குள் மாட்டியிருந்தது. அந்த மேப் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்களாம். சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் சிறுத்தையிடம் அடிபட்டுச் சாகும், இல்லாவிட்டால் திரும்பி வரப் பார்க்கும்.

எங்கள் தலைமை மேடத்திடம் ஓடினேன். "மேடம், தப்பு என்னோடது."

"ரிப்போர்ட்ல என் கையெழுத்தும்தான் இருக்கு. நின்னு பேசாதீங்க. எல்லாப் புள்ளியையும் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வண்டியில ஏறுங்க."

நாங்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கூண்டை லாரியிலிருந்து இறக்கப் போனார்கள். பதற்றத்தில் எனக்கு எங்கள் ஹைதராபாத் பாஷைதான் வந்தது.

"நக்கோ சார், நக்கோ. வேண்டாம், கொஞ்சம் நில்லுங்க."

ஜீப் பானட்டில் புது மேப்பை விரித்தேன். ரேஞ்சரும் ஊர்த் தலைவி அம்மாவும் குனிந்து பார்த்தார்கள். ஏழு மாதப் புள்ளிகள், குன்றுகள் மேல் கொத்துக் கொத்தாக. ஒரு குன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன புள்ளிகளெல்லாம் ஏரிக்கரை ஓரமாகச் சுற்றிப் போயிருந்தன. ஊர் இருந்த இடம் வெறும் வெள்ளை. நாளைக்கும் வராது என்று என்னால் எழுதித் தர முடியாது, பொழுது சாய்வதற்குள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா மேப்பை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தெலுங்கில் நிதானமாகக் கேட்டார்: "அப்போ அது எங்க ஊரை விட்டு விலகித்தான் போயிருக்கு. எங்க ஊரை அதுக்கு எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

"ஆமாம்மா, நான்தான்," என்றேன்.

ரேஞ்சர் லாரியைத் திருப்பச் சொன்னார். அடுத்த வாரம் பள்ளிக்கூடமும் வழக்கம்போல நடந்தது. காலர் பேட்டரி தீரும்வரை அந்தச் சிறுத்தை அதே குன்றுகளில்தான் இருந்தது. தினமும் அதன் புள்ளிகளைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: மிருகம் எங்கே போகிறது என்று காட்டினால் மட்டும் போதாது, எங்கே போகாமல் இருக்கிறது என்பதையும் காட்டுங்கள்.