சாரி டீச்சர்

இங்கிலீஷில் எம்.ஏ., அதற்கு மேல் ஒரு பி.எட்., பதினோரு வருஷ அனுபவம். இத்தனையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் டீச்சர் விமானம் ஏறினாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்கள்கூட அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் கடை விரித்துத் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். அப்படி நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அந்நிய மண்ணில் ஆளைக் கவிழ்ப்பது பெரிய சொல் அல்ல, சின்னச் சொல்தான். படித்த டீச்சருக்கு அது தெரியாமல் போயிற்று.

பள்ளி கொடுத்த அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், திறக்க வராத ஜன்னல். சமையலறை, பக்கத்து அறைக் கணக்கு டீச்சருக்கும் சேர்த்துப் பொது. அவளும் தமிழ் பேசுகிறவள்தான். ஆறு வருஷம் முன்னால் வந்து காலூன்றியவள்.

முதல் தொண்ணூறு நாள் சும்மா வைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தால்தான் புருஷனையும் ஏழு வயது மகளையும் வரவழைக்க முடியும். டீச்சருக்கு அதில் கடுகளவும் சந்தேகமில்லை. எழுபதாம் நாளே புருஷனிடம் போனில், “பாப்பாவுக்கு டி.சி. வாங்கிடுங்க. கடிதம் கைக்கு வந்த மாதிரிதான்” என்று சொல்லிவிட்டாள். அவரும் வாங்கிவிட்டார்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதுகுக்குப் பின்னால் அவளைச் ‘சாரி டீச்சர்’ என்று அவர்கள் சொல்வது காதில் விழுந்தது. அந்தப் பள்ளியில் புடவை கட்டுகிறவள் அவள் ஒருத்திதான். பெருமையாக இருந்தது. குளிரில் கை விறைத்தாலும் மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு போனாள்.

எண்பதாம் நாள் பரீட்சைத் தாள்களைத் திருத்தினார்கள். இருபது பிள்ளைகள் ஃபெயில். தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, “வியாழக்கிழமை உங்க வகுப்புல வந்து உட்காரப் போறேன். அதுக்கப்புறம்தான் முடிவு” என்றாள்.

நோட்டுகளை அள்ளிக்கொண்டு சாயங்காலம் சமையலறைக்குப் போனாள். கணக்கு டீச்சர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இதப் பாருங்கக்கா. முதல்ல ஒழுங்கா எழுதிட்டு, அப்புறம் தாளு கிழியற மாதிரி அழிச்சு, மேல தப்பா எழுதியிருக்குங்க. பரீட்சையிலயும் அந்தத் தப்பையே எழுதி வச்சிருக்குங்க. எந்தப் பிசாசு சொல்லிக் கொடுத்துச்சோ.”

“நீதான்.”

“நானா?”

“உனக்கு அதுங்க என்ன பேரு வச்சிருக்குன்னு தெரியுமில்ல?”

“சாரி டீச்சர். புடவைக்கு வச்ச பேரு. அதுக்கென்ன இப்ப?”

“புடவையாம் புடவை. அது மன்னிப்பு கேக்கிற சாரி. ஒரு பிள்ளை சரியா பதில் சொன்னா நீ என்ன சொல்வே?”

“சரின்னு...”

“அதேதான். சரி, சரிங்கிறே. தலையை வேற பக்கவாட்டுல ஆட்டுறே. அதுங்களுக்கு ‘சாரி, தப்பு’ன்னு கேக்குது. உடனே அழிச்சிடுதுங்க. உன் வகுப்புப் பிள்ளை ஒண்ணு நேத்துதான் என்கிட்ட வந்து கேட்டுச்சு, எங்க டீச்சருக்கு எதைச் சொன்னாத்தான் பிடிக்கும்னு.”

டீச்சர் நோட்டுகளின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வருவதே அவளுக்கு இதுவரை தெரியாது. “சாக்பீஸைக் கடிச்சுக்கிட்டாவது வியாழக்கிழமையைத் தாண்டிடு” என்றாள் கணக்கு டீச்சர்.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஒவ்வொரு பதிலுக்கும் ‘ரைட்’ என்றாள். கழுத்தில் கட்டை வைத்தவள் மாதிரி தலை அசையாமல் பார்த்துக்கொண்டாள். இருபத்தைந்து நிமிஷம் ஓடிவிட்டது. அப்போது முன் பெஞ்சில், இத்தனை நாளாக வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, எழுதியதைத் தப்பில்லாமல் முழுசாக வாசித்தாள். டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மனசு குளிர்ந்தால் நாக்கு யார் பேச்சைக் கேட்கும்? “சரி, சரி” என்று வந்துவிட்டது. தலையும் ஆடிவிட்டது.

பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று. உட்கார்ந்து ரப்பரை எடுத்தாள். டீச்சர் பாய்ந்து போய் அதைப் பிடுங்கினாள். பிள்ளை பயந்து வீறிட்டு அழுதது.

தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், ‘சரி’ ‘சாரி’ ஆன கதையை டீச்சர் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரித்து முடித்துவிட்டு ஃபைலை மூடினாள்.

“உங்க இங்கிலீஷ்ல நான் குறை சொல்லல. ஆனா இருபது பேர் ஃபெயில். அவங்க வீட்ல நான் என்ன சொல்ல? இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்.”

“என் மகளுக்கு டி.சி. வாங்கியாச்சு மேடம்.”

“அதை யாரு வாங்கச் சொன்னது?”

மாடிப்படியிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, கடிதம் இல்ல. இன்னும் ஆறு மாசமாம். பாப்பாவ மறுபடியும் சேர்த்துக்குவாங்களான்னு போய்க் கேளுங்க.”

“அவ இடத்துல வேற பிள்ளைய சேர்த்தாச்சு. டி.சி. கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தாங்க. நீதானே கைக்கு வந்த மாதிரின்னே?”

“நான்தான் சொன்னேன்.”

“கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்கிறேன். இந்தா, பாப்பா பேசணுமாம்.”

“பெட்டியில வச்சதெல்லாம் வெளிய எடுக்கணுமாம்மா?” என்றாள் மகள்.

“எடுத்து வைடா கண்ணு. அந்தப் புது ஸ்வெட்டர மட்டும் உள்ளயே விட்டுடு.”

“ஆறு மாசத்துல அது எனக்குச் சின்னதாயிடுமே.”

பெரிசாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள் டீச்சர். இன்னொரு வாக்குக் கொடுக்க நா எழவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.