அத்தையின் சாவியும் தூங்காத காரும்

போன மாதம் மூன்றாவது முறையாக எங்கள் கார் காலையில் செத்துக் கிடந்தது.

சாவியைத் திருகினால் ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான். உள்ளே கூரை லைட் மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கதவு லாக் ஆகவில்லை.

"அம்மா... நேத்தும் லைட்டா?" என்றார் கணவர் பிரபு. கோபமாகக்கூட இல்லை. அலுத்துப்போன குரலில்.

அத்தை குனிந்து அந்த லைட்டையே பார்த்தார். பிரபுவின் அம்மாவைத்தான் சொல்கிறேன். மாமா போன பிறகு திண்டுக்கல்லிலிருந்து எங்கள் ஆவடி ஃப்ளாட்டுக்கு வந்தவர். ஐம்பத்தைந்து வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் டெஸ்ட்டிலேயே லைசென்ஸ் வாங்கியவர்.

எதற்காக அந்த வயதில்? திருநின்றவூரில் இருக்கும் அவருடைய அக்காவுக்காக. பெரியம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பெயர்கள் போய்விட்டன. ஆனால் வாசலில் எங்கள் கார் வந்து நின்றால் மட்டும் தெரிந்துவிடும். தானே வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு போய் வந்தால்தான் சாப்பாடு இறங்கும். செவ்வாய், வெள்ளி — வாரம் இரண்டு நாள் அத்தையின் டியூட்டி இது.

இனி என் வாக்குமூலம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினீயர். எதற்கும் லிஸ்ட் போடுகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டாவது முறை பேட்டரி இறங்கியபோதே ஒரு லிஸ்ட் அடித்து, லேமினேட் செய்து, டேஷ்போர்டில் டபுள் சைட் டேப் வைத்து ஒட்டியிருந்தேன். 'இறங்கும் முன்: 1. ஹெட்லைட் 2. உள் லைட் 3. கண்ணாடி 4. லாக்.' பெரிய எழுத்தில். யாருக்காக ஒட்டினேன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக ஓட்டியவர் அத்தைதான் — இதுதான் எங்கள் ஒரே ஆதாரம். வார நாட்களில் காரை ஓட்டுவதே அவர் மட்டும்தான் என்பது எனக்கும் பிரபுவுக்கும், இரண்டு இன்ஜினீயர்களுக்கும், உறைக்கவில்லை!

மூன்றாவது முறை பேட்டரி இறங்கிய அன்று மாலை, அத்தை தன்னுடைய கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"பீரோவுல வச்சிரும்மா. எனக்கு டிரெய்ன்தான் வசதி."

வாங்கி வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. "ஃபோன்ல இடம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. என்னன்னு பாரேன்" என்று அத்தை ஃபோனை நீட்டினார். கேலரியைத் திறந்தேன்.

கார். கார். கார்.

நாற்பத்திரண்டு படங்கள். எல்லாம் எங்கள் பார்க்கிங்கில், ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தவை. உள்ளே இருட்டு. கதவின் லாக் குமிழ் இறங்கியிருக்கிறது.

"என்ன அத்தை இது?"

"ஒண்ணுமில்லைம்மா. அழிச்சிரு."

"சொல்லுங்க அத்தை."

"லாக் பண்ணிட்டு மேல வந்ததும் பண்ணினோமா இல்லையான்னு வந்துருது. லிஃப்ட்ல திரும்பி இறங்கிப் போறது... வாட்ச்மேன் ஒரு மாதிரி பாக்குறாரு. அதான் படம் பிடிச்சு வச்சுக்கிட்டேன், எனக்கே சாட்சிக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்காவுக்கும் இப்படித்தானம்மா ஆரம்பிச்சுச்சு. அடுப்பை அணைச்சேனா, அணைச்சேனான்னு பத்து தடவை போய்ப் பார்ப்பா."

பேட்டரிக்காக நாங்கள் அலுத்துக்கொண்டிருந்தபோது, அத்தை தன் மூளைக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். தனியாக.

இப்படிப்பட்ட நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான் — லிஸ்ட்டை எடுத்தேன். கார் மூன்று முறை செத்த தேதிகளும் என் ஃபோனில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முந்தைய மாலை அத்தை எடுத்த படத்தைத் தேடினேன். மூன்றும் இருந்தன. நேரத்தோடு இருந்தன. மூன்றிலும் லைட் அணைந்திருந்தது, கதவு பூட்டியிருந்தது.

அப்படியென்றால் அதற்குப் பிறகு லைட்டைப் போட்டது யார்?

மறுநாள் காலை நானும் அத்தையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு பார்க்கிங்குக்கு இறங்கினோம். பேட்டரியில் கரன்ட் அளக்கும் மீட்டரைச் சேர்த்து, காரை லாக் செய்துவிட்டு உட்கார்ந்தோம். பூட்டிய கார் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட வேண்டும்; இழுக்கும் கரன்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும். எங்கள் மீட்டரில் எண் இறங்கவே இல்லை. பத்து நிமிடம்... இருபது நிமிடம்... அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

'டொக்.'

லாக் தானாகத் திறந்தது. உள்ளே லைட் பளிச்சென்று எரிந்தது.

"நான் தொடலைம்மா!"

கீரைக்கட்டோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார் அத்தை. காருக்கும் அவருக்கும் நடுவில் ஆறடி இடைவெளி. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இரண்டு கைகளும் எத்தனை நாளாக அப்படித் தூக்க ரெடியாக இருந்தன என்றுதான் யோசித்தேன்.

அன்று பிரபு தன் அம்மாவுக்குக் காபி போட்டுக்கொடுத்தார். எனக்குத் தெரிந்து முதல் முறை. சிலருக்கு சாரி சொல்ல அப்படித்தான் தெரியும். அத்தை குடித்தார். சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

"இந்தத் தடவை காரு. அடுத்த தடவை நானா இருந்தா?"

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஷெட்டுக்குக் காரைக் கொண்டுபோனேன். கார் எலெக்ட்ரீஷியன் பாஸ்கர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். கதவு ஸ்விட்சுகளைப் பார்த்தார். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்தார். பாடி கன்ட்ரோல் மாட்யூல்.

அது வேறொன்றுமில்லை, காருக்குள் இருக்கும் அபார்ட்மென்ட் செக்ரட்டரி. லைட், ஹாரன், வைப்பர், கதவு, எந்தச் சாவியை உள்ளே விடலாம் — எல்லாம் அவரைக் கேட்டுத்தான். எல்லோரும் தூங்கிய பிறகு அவரும் தூங்க வேண்டும். எங்கள் செக்ரட்டரி எழுந்து எழுந்து கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனெக்டர் பின்னெல்லாம் பச்சை புடிச்சி கீது பாருங்க மேடம். தண்ணி எறங்கி கீது" என்றார் பாஸ்கர். வைப்பருக்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் துளையை விரலால் நோண்டினார். ஒரு கைப்பிடி வேப்பிலை வந்தது. பெரியம்மா வீட்டு வாசல் மரம்! "இத்த கிளீன் பண்ணாம புதுசு மாட்னா அதுவும் பூடும்."

புதுப் பெட்டி மறுநாள் வந்தது. மாட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் புதிய செக்ரட்டரிக்கு இந்தக் காரைத் தெரியாது, சாவிகளையும் தெரியாது. சொல்லித்தர வேண்டும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பாஸ்கர் கேட்டார்: "எத்தினி சாவி மேடம்? இருக்கறது எல்லாத்தியும் இப்பவே குட்த்துடுங்க. இப்ப காட்டாத சாவிய வண்டி எடுத்துக்காது."

என் கையில் ஒன்று இருந்தது. இன்னொன்று பீரோவில்.

அத்தைக்கு ஃபோன் போட்டேன்.

"அத்தை, உங்க சாவியை எடுத்துக்கிட்டு இங்க வரீங்களா?"

"எதுக்கும்மா? ஒண்ணு போதாதா? நீங்களே வச்சுக்கங்க."

"இன்னைக்கு இங்க இல்லாத சாவியைக் கார் மறந்துரும் அத்தை."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். டாக்டரிடம் போகலாம், பயமாக இருந்தால் பரிசோதித்துவிடலாம், நானும் வருகிறேன்... எதையும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

"அடுப்பை அணைச்சிட்டு வரேன். எந்த ஸ்டாப்ல இறங்கணும்?"

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். சாவி கைக்குட்டையில் சுற்றியிருந்தது. பாஸ்கர் டிரைவர் சீட்டைக் கைகாட்டினார்.

"நீயே குந்தும்மா. நான் சொல்ல சொல்ல ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்களே. தப்பாப் பண்ணிட்டா?"

"உனுக்கு ஒண்ணியும் இல்லம்மா. உன் வண்டிக்குத்தான் மண்ட கொழம்பிப் போச்சு. வேற மண்ட வெச்சாச்சு. ஆன் பண்ணு."

ஆன் செய்தார். ஆஃப் செய்தார். லேப்டாப் 'பீப்' என்றது. "ரெண்டு சாவி" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார் பாஸ்கர்.

என் வேலையில் முதல் நாள் சொல்லித்தருவது இது: ஓட்டுகிறவர் தப்பு என்று ரிப்போர்ட் எழுதும் முன், மெஷினை ஒரு முறை செக் செய். ஆபீஸில் ஒரு நாளும் நான் இதை மீறியதில்லை. வீட்டில்தான்... வயதான ஒருவர் பக்கத்தில் இருந்துவிட்டால், மீட்டரை எடுக்கவே தோன்றுவதில்லை நமக்கு.

திரும்பும்போது அத்தைதான் ஓட்டினார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆவடியைத் தாண்டித் திருநின்றவூர். வியாழக்கிழமை டியூட்டி கிடையாதே என்றேன். "காரு போய்ப் பத்து நாளைக்கு மேல ஆச்சு. அக்கா வாசலையே பாத்துக்கிட்டிருப்பா" என்றார். பெரியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முன் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அதற்கு முன், வழியில் ஒரு சிக்னலில் அந்த லேமினேட் லிஸ்ட்டைப் பிய்த்தெடுத்தேன். அட்டை வந்துவிட்டது. டேப்பின் பசை வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு தேங்காய் எண்ணெய், ஷாம்பூ, பெட்ரோல் — வரிசையாக எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

"விடும்மா, ஓட்டும்போது அது கண்ணுல படாது" என்கிறார் அத்தை.

எனக்குப் படுகிறது.