பவானி விட்டுப்போன சங்கு

தேவகிருபையை ஒரு டாக்டர் என்று அவளுடைய சொந்தக்காரர்களே முழுசாக ஒப்புக்கொண்டதில்லை. ஊசி போடுவதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதில்லை. "அப்ப நீ அங்க என்னதாம்மா பண்ற?" என்று ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் பார்த்த அவள் அப்பா ஞானதுரை சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கிருமி வளர்க்கிறேன் என்றால் சிரித்துவிடுவார். ஊரே அதை ஒழிக்கப் பார்க்கிறது, நம் பிள்ளை மட்டும் சோறு போட்டு வளர்க்கிறதாம்.

ஆனால் அவள் வேலை அதுதான். திருவொற்றியூர்த் தேரடியைத் தாண்டி இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், ஜெனரேட்டருக்குப் பின்னால் இருக்கும் லேபில், இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ரத்தமோ சீழோ வரும். அதில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, அது இன்னதென்று அடையாளம் கண்டு, எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்று எழுதி வார்டுக்கு அனுப்ப வேண்டும். இதுபோக ஏழு வருடமாகச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. எந்தக் கிருமி எந்த வருடம் எந்த மருந்தை மீறத் தொடங்கியது என்று ஒரு நீள நோட்டில் குறித்துவந்தாள். அந்த நோட்டைப் புரட்டினால் அலுப்புத்தான் மிஞ்சும். மசிந்ததெல்லாம் மசியாமல் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் போட்டுச் சொன்னாள், சுற்றறிக்கை விட்டாள். டாக்டர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுநாளும் அதே மருந்தை எழுதினார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது முதுகுதான் வலிக்கிறது.

போன ஐப்பசியில், குறைமாதக் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு ரத்தப் பாட்டில் வந்தது. ரூபினா என்ற பெண்ணின் குழந்தை, பிறந்து ஒன்பது நாள். தட்டில் வளர்ந்ததைக் கம்பியால் தொட்டு இழுத்தால் வெண்டைக்காய்ப் பிசுக்கு மாதிரி நூல் நூலாக வந்தது. க்ளெப்சியெல்லா என்ற கிருமி. மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்த டெக்னீஷியன் கமால் தட்டை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னான்:

"பன்னெண்டு மருந்து வச்சேன் மேடம். பதினொண்ணுக்கு மசியல."

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்தின் பெயரைத் தாளில் எழுதி, லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறினாள். குழந்தை அன்று காலையே போயிருந்தது. வீட்டார் வந்து உடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மூச்சிரைக்க, கையில் தாளோடு, காலிப் படுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதே வாரம் இன்னும் இரண்டு குழந்தைகள். அதே கிருமி, அதே பதினொன்று. அப்படியென்றால் வார்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று அதைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறது. குழாய், தொட்டி, இன்குபேட்டர் கதவு, நர்ஸ்களின் விரல் இடுக்கு, குளுகோஸ் பாட்டிலின் வாய் என்று இருபத்து மூன்று இடங்களில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. வேறு வழி தெரியாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வார்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்குத் தாய்மார்கள் பால் புகட்ட வந்தார்கள். ஒரு சின்ன எவர்சில்வர் சங்கு ஐந்தாம் படுக்கையிலிருந்து ஏழுக்குப் போயிற்று, ஏழிலிருந்து பத்துக்கு.

"அது யாருது?" என்று நர்ஸ் ராமசெல்வியைக் கேட்டாள்.

"காத்திவாக்கம் பவானி விட்டுட்டுப் போனது மேடம். அவ புள்ள ஒரு கிலோ இருநூறுதான் இருந்துச்சு, தேறாதுன்னாங்க. அந்தச் சங்குல குடிச்சுத் தேறிடுச்சு. ராசியான சங்குன்னு எல்லாரும் கேட்டு வாங்குறாங்க."

"கொதிக்க வைக்கிறீங்களா?"

"நம்ம பால் கப்பு ஆறுதான் இருக்கு, புள்ளைங்க பதினாலு. கப்பைக் கொதிக்க வச்சிடுவோம். இது அவங்க பொருள், அவங்களே குழாயில அலசிக்குவாங்க."

சங்கின் மூக்கு குச்சிகூடச் சரியாக நுழையாத அளவுக்குக் குறுகல். உள்ளே பால் ஏடு காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு நாளில் தட்டு பதில் சொன்னது. அதே பிசுக்கு, அதே பதினொன்று. அது சங்குக்குள் முதலில் எப்படிப் புகுந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்குத் துளிகூட வரவில்லை. குழந்தைக்கு ஒரு கப் வீதம் வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த ஃபைல் ஆபீசில் தூங்கிற்று. இப்போது ஒரு பிள்ளை போன பிறகு, ஒரே சாயங்காலத்தில் நாற்பது கப் வந்து இறங்கியது. மற்ற இரண்டு குழந்தைகளும் கடைசி மருந்தில் பிழைத்துக்கொண்டன.

வியாழக்கிழமை, பிள்ளைக்கு எடை பார்க்க வந்த பவானி லேப் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"என் சங்கு உங்ககிட்ட கீதுன்னு சிஸ்டர் சொல்லிச்சு டாக்டரம்மா. ரூபினா புள்ள எப்டி கீது? அதுக்குத்தான் மொதல்ல குட்த்தேன்."

"தவறிடுச்சும்மா."

பவானி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ! என் சங்குல குட்ச்சுமா பொயக்கல?"

தேவகிருபைக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சங்கு செய்தது குற்றம் என்றால், தூங்கிய ஃபைல் செய்தது என்ன? அதைப் போய்த் தட்டி எழுப்பாமல் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்திருந்த தான் செய்தது என்ன? கிருமி போக அவித்து எடுத்து வைத்திருந்த சங்கை எடுத்து நீட்டினாள்.

பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "எதுத்த வூட்டு கன்னியம்மா மருமவ எட்டாம் மாசமே பெத்துட்டா. அதுக்குத்தான் எட்த்துனு போறேன்."

"வேண்டாம் பவானி. ஒவ்வொரு புள்ளைக்கும் தனிச் சங்கு வேணும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் கொதிக்க வைக்கணும். உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும்."

"சுடுதண்ணில ஒரு அலசு அலசிக்கிறோம்மா. நாங்க இன்னா கலீஜாவா வெச்சிக்கீறோம்?" என்று பவானி மரியாதையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத் தேவகிருபை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறாள். சங்கு இன்றைக்கே கன்னியம்மா வீட்டுக்குப் போய்விடும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு.

"பவானி," என்றாள். "இந்தச் சங்கோட ராசி உன் புள்ளைக்கு மட்டும்தான். இன்னொரு வாய்க்குப் போனா ராசி போயிடும்."

பவானி உடனே சங்கை முந்தானையில் முடிந்து இறுக்கினாள். "யாருக்கும் குடுக்க மாட்டேன் டாக்டரம்மா. சத்தியமா."

இரண்டு அடி நடந்தவள் நின்று திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப நான் குட்த்ததாலதான் ரூபினா புள்ள..."

"இல்லம்மா, இல்ல. உன் மேல தப்பே இல்ல," என்று தேவகிருபை பதறிப்போய்ச் சொன்னாள். அவள் பேசிய பேச்சிலேயே பெரிய உண்மை அதுதான். ராசி என்ற பொய்யை ஒரு நொடியில் நம்பிவிட்ட பவானி, இதை மட்டும் நம்பவே இல்லை.