மூன்றாம் முறை கூப்பிட்டபோது

நேற்றுக் காலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதால் நடக்கிறேன். சர்வீஸில் இருந்தபோது இவ்வளவு தூரம் நடந்திருந்தால் பயணப்படி எழுதியிருப்பேன். கரையடியில் நூறு நாள் வேலைக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண் ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கண்ண சிமிட்டுக்கா. சிமிட்டினாத்தான் போன் ஒத்துக்கும்."

"எத்தினி வாட்டி சிமிட்றது? பாக்கறவங்க இன்னா நெனச்சுக்குவாங்க?"

எதிரில் நிற்கிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அந்தச் சிமிட்டல்தான் அத்தாட்சியாம். வருடம் ஒரு தடவை அதே அத்தாட்சியைக் கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவன் நான், சிரிக்க உரிமையில்லை.

புதிதாக வெட்டிய ஈர மண்ணின் வாசனை மேலே ஏறி வந்தது. முன்பெல்லாம் அந்த வாசனையோடு ஒரு குரலும் வரும். மேற்பார்வையாளர் பெயர் பெயராகக் கூப்பிட, மண் குவியல்களுக்கு நடுவிலிருந்து "கீறேன்", "கீறேன்" என்று பதில் எழும். இருக்கிறேன் என்பது எங்கள் பக்கத்து வாயில் அப்படித்தான் வரும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் ஆப்சென்ட். எந்த அரசாணையிலும் இல்லாத விதி இது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

அப்போது பெயர் கூப்பிட்டவள் குப்பம்மா. அவள் கணவன் எல்லப்பன், நிலமில்லாத குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஊரோரத் தரிசுக்குப் பட்டா கேட்டு அலைந்தவன். ஒருநாள் திருப்புலிவனம் சாலையில் அவன் சைக்கிள் மேல் லாரி ஏறியது. கோப்பில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதினார்கள். ஊரில் யாரும் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

ஆனால் பிரேசிலில் சொன்னார்கள். அங்கேயும் நிலமில்லாதவர்கள் நிலம் கேட்கிறார்கள், அங்கேயும் கேட்டவர்கள் சாகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சில வருடங்களாகத் தொடர்பு இருந்தது. எல்லப்பன் செத்த செய்தி போனதும், முன்பின் தெரியாத ஜனங்கள் அந்த நாட்டில் நம் தூதரக வாசலில் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் ஏறி மதுராந்தகம் தாண்டாத மனிதன், படமாகக் கடல் தாண்டியிருந்தான்.

வருட நினைவுக்குக் குப்பம்மா கூட்டம் போட்டாள். பிரேசிலிலிருந்து லூசியா என்ற பெண் வந்திருந்தாள். நிலத்துக்காகத் தம்பியைத் துப்பாக்கிக்குக் கொடுத்தவள்.

நான் அப்போது துணை வட்டாட்சியர். கூட்டத்துக்கு அனுமதி கொடுப்பது போலீஸ். ஏதாவது நடந்தால் பதில் சொல்வது நாங்கள். ஆகவே நிபந்தனைகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் நிபந்தனைகளில் காற்றுகூடப் புகாது என்று ஆபீஸில் பேச்சு. சுற்றுலா விசாவில் வந்தவர் உரையாற்றக் கூடாது. மீறினால் கூட்டம் கலைக்கப்படும், அவர் அன்றே பாஸ்போர்ட்டோடு சென்னைக்குக் கொண்டுபோகப்படுவார். வழக்கு நிலுவையில் இருப்பதால் எந்த உரையிலும் எல்லப்பன் பெயர் வரக் கூடாது. கடைசியில், பழக்கதோஷத்தில், வருகிறவர்களை அமைப்பாளர் சரிபார்க்க வேண்டும் என்றும் ஒன்று சேர்த்தேன்.

கூட்டம் தொடங்குமுன் குப்பம்மா என்னிடம் வந்தாள்.

"அவுரு நெனப்புக் கூட்டத்துல அவுரு பேரு வரக் கூடாதுன்ட்டீங்க. இருக்கட்டும். வந்தவங்கள எண்ணலாமா?"

"எண்ணித்தான் ஆகணும். நிபந்தனையிலயே இருக்கு."

"பேர் கூப்ட்டு எண்ணலாமா?"

"அது உன் இஷ்டம்."

"லூசியா ஊர்லயும் பேர் கூப்டுவாங்களாம் சார். செத்தவங்க பேரயும் சேத்து. கூட்டம் பதில் சொல்லுமாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நிபந்தனைத் தாளைப் பார்த்தேன். காற்று புகும் இடம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

பக்கத்து நாற்காலியில் இன்ஸ்பெக்டர். பின்னால் லத்திகளோடு வேன். "அந்த வெளிநாட்டம்மா வாயத் தொறந்தா நீங்க ஆர்டர் போடுங்க சார். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

குப்பம்மா மைக்கைப் பிடித்தாள்.

"முனியம்மா."

"கீறேன்."

"செல்வி."

"கீறேன்."

"லூசியா."

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். முன்வரிசையில், நரைத்த தலையும் வெயிலில் கறுத்த கையுமாக லூசியா எழுந்தாள்.

"கீறேன்."

கூட்டம் சிரித்தது.

"பேசிட்டாங்க சார்."

"வருகை சொன்னாங்க. உட்காருங்க."

"எல்லப்பன்" என்றாள் குப்பம்மா.

சிரிப்பு அறுந்தது. தலைகள் எல்லாம் வேன் பக்கம் திரும்பின. இன்ஸ்பெக்டர் என் வாயையே பார்த்தார்.

"எல்லப்பன்."

இரண்டாம் தடவை குரல் இறங்கியிருந்தது. யாரும் அசையவில்லை. இன்னும் ஒரு தடவைதான். அதற்கும் பதில் வராவிட்டால், அவர்கள் விதிப்படியே, சொந்த ஊரில், பெண்டாட்டி வாயாலேயே அவன் ஆப்சென்ட். குப்பம்மாவுக்கும் அது தெரியும். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. லூசியா இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லப்பன்."

"கீறாரு."

கடைசி வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி. அவள் பக்கத்திலிருந்து இன்னொரு "கீறாரு". பிறகு வரிசை வரிசையாக எழுந்து மேடைவரை வந்தது.

"சார், அந்தப் பேரு..."

"உரையிலதான் வரக் கூடாது. இது உரை இல்ல."

அவர் சட்டம் தெரிந்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குப்பம்மா இன்னொரு பெயர் சொன்னாள். நாக்கு புரளவில்லை; "சுவாவு" என்பது போல ஏதோ வந்தது. லூசியாவின் தம்பி பெயர். அதை இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மைதானம் முழுவதும் "கீறாரு" என்றது. லூசியா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

'வெளிநாட்டவர் உரையாற்றவில்லை. வருகை சரிபார்க்கப்பட்டது' என்று அறிக்கை அனுப்பினேன். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. லூசியா பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாள். வாகனம் மட்டும் கடைசிவரை அடையாளம் தெரியாமலே வழக்கு முடிந்தது.

நேற்று அந்த வரிசையில் குப்பம்மாவும் நின்றாள். போன் அவள் கண்ணை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"லூசியா பேசுதா?" என்று கேட்டேன்.

"போன மாசம்கூட வீடியோல வந்துச்சு சார். அங்க வருசா வருசம் கூப்டறாங்க. இவுரு பேரச் சொன்னா அத்தினி ஜனமும் பதில் சொல்லுது."

"இங்க?"

"இங்க யாரு சார் கூப்டறா? போட்டோ புடிச்சிக்கினு பூட்றாங்க."

மண்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேற்பார்வைப் பெண் நெட்வொர்க் தேடி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கரையில் நடந்தாள். ஒரு பெயரும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் அன்றைய வருகை முடிந்தது.