பின்சந்துச் சுவரில் ஒரு சாண் பச்சை

பொன்னுதுரை தெருவில் நடந்தால் வலது பெருவிரல் சும்மா இருக்காது. எந்தச் சுவர் கைக்கு எட்டினாலும் நகத்தால் ஒரு கீறு கீறி, பச்சை ஒட்டுகிறதா என்று பார்ப்பார். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். காஜா பேராங் வட்டாரத்தில் இருபத்தேழு வருஷம் கால்வாய் துப்புரவு ஆட்களை மேய்க்கும் மண்டோர். அவர் கால்வாயில் பாசி பிடித்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் சேர்த்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில், சிங்கப்பூரில் தாவரவியல் படித்துக்கொண்டு, விடுமுறைக்கு வந்திருந்த அடுத்த வீட்டு ஜெயா அவரிடம் ஓர் உதவி கேட்டாள். பின்சந்துக் கால்வாய்ச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குக் காதுமடல் போல ஒட்டிக்கிடந்த பச்சையை மட்டும் தேய்க்காமல் விட வேண்டும்.

"பாசிய விடுன்னு என்கிட்டயே கேக்குறியா?" என்று சிரித்தார்.

பாசி இல்லை என்றாள். தண்ணீரை விட்டுத் தரையேறிய ஆதிச் செடிகளின் வம்சமாம். வேரும் இல்லை, பூவும் இல்லை. பூஞ்சணம் தொற்றினால், தொற்றிய இடத்தைத் தானே சாகடித்துப் பழுப்பு வளையம் கட்டித் தடுத்துவிடுகிறது. பக்கத்தில் இருந்த இன்னொரு திட்டும் அப்படித்தான் தொடங்கியது. பூஞ்சணம் கடுகளவுதான், ஆனால் சாகடிப்பதை நிறுத்தத் தெரியாமல் முழுத் திட்டும் செத்தது.

"எதிர்க்க ரெண்டுக்கும் தெரியுது மாமா. எங்க நிறுத்தணும்னு இதுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு? கரையேறின காலத்துலயே கத்துக்கிச்சா? அதத்தான் பட்டத்துக்கு எழுதப் போறேன்."

நோட்டில் தினமும் அதை வரைந்து வந்தவள், பேராசிரியரைப் பார்க்கப் பத்து நாள் சிங்கப்பூர் போனாள். பொன்னுதுரை பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் வரவிருந்த சுதந்திர நாளுக்காகப் பெரிய சாலைக் கால்வாய்களைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க உத்தரவு வந்தது. பெரிய சாலை மட்டும்தான். இரண்டு நாளில் முடிந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த அரை வாளிச் சுண்ணாம்போடு அவரே பின்சந்துக்குள் போனார். புது நாடு பிறக்கிற அன்று தன் சந்தில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கலாமா? கம்பித் தூரிகை அந்த ஒரு சாணைத் தாண்டிய பிறகுதான் ஜெயாவின் ஞாபகம் வந்தது. விழுந்ததைப் பொறுக்கிப் பால் டின்னில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். சுண்ணாம்பு பட்ட பச்சை மறுநாளே கூழாகிவிட்டது.

திரும்பி வந்தவளிடம், மேலிடத்து ஆட்கள் வந்து தேய்த்துவிட்டதாகச் சொன்னார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க மாமா. நீங்க என்ன செய்வீங்க?"

வீட்டில் மனைவி அஞ்சலை விடவில்லை. "தேய்க்க மட்டும் கை நீளுது. நான்தான் தேச்சேன்னு சொல்ல வாய் வரலையா?"

அதேபோல ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுவதாக அவருக்கு எண்ணம். ஞாயிறுதோறும் சைக்கிளில் தெங்கேராக் கிணறுகளையும் புக்கிட் ரம்பாய் மதகுகளையும் பார்த்து வந்தார். டின் டின்னாகக் கொண்டுவந்தார். ஜெயா ஒவ்வொன்றிலும் பூஞ்சணம் வைத்துப் பார்த்தாள். சில எதிர்க்கவே இல்லை. மற்றவை நிறுத்தவே இல்லை. கடைசியில் வேறு தலைப்பில் எழுதிப் பட்டம் வாங்கி, மூவாரில் ஆசிரியை ஆனாள். நோட்டில் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதிக்குப் பின் படம் இல்லை.

அறுபத்துநான்கில் பொன்னுதுரை மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த ஜெயா, தன் ஒருத்திக்காக மூன்று வருஷம் சுவர் சுவராக அலைந்த மனுஷர் என்று எல்லோரிடமும் சொல்லி அழுதாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தேய்த்தது யார் என்று சொல்லிவிடத்தான் உட்காரவைத்தாள். ஜெயாவுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தையை அவர் கொடுக்காமலே போய்விட்டார். அன்று அஞ்சலையாலும் கொடுக்க முடியவில்லை.