பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்ச்

கொரோனா வருவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னால், கொல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கம் நடந்தது இது. எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தோம். பெஞ்சுகள் எல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. பெரியவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமலே ஆராதனையை முடிப்பார்கள். பெரும்பாலும் வங்கியிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த குடும்பங்கள். ஆராதனை முடிந்ததும் கீழே மண் குவளையில் டீ, அப்புறம் கூட்டமாகக் கரியாஹாட் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு இன்றும் அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும்.

கறாரான சபை. நகை கூடாது, சினிமா கூடாது. கல்யாண விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை வாலிபர் கூட்டத்தில் அதைப் பற்றி மட்டுமே மூன்று நாள் போதனை நடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் விரல் கூடப் படக்கூடாது. விசுவாசி விசுவாசியைத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு சாகும்வரை விடக்கூடாது. வேறு மதத்தில் கட்டினால் அதற்கு 'அந்நிய நுகம்' என்று பெயர். நுகம் என்றதும் பின் வரிசைப் பெண்களான எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். எதிர்ப் பக்கம் இருக்கும் பையன்களில் யார் காளை, யார் எருமை என்று ஒரு ஆராய்ச்சியே நடத்துவோம்.

அந்த நுகத்தில் நானே போய்க் கழுத்தைக் கொடுப்பேன் என்று யார் கண்டார்கள். என்னோடு ஆபீசில் வேலை பார்த்த வங்காளிப் பையன், இந்துக் குடும்பம், நான்கு வருடப் பழக்கம். எனக்காக மதம் மாறு என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணத்துக்காக மாறுவது என்ன விசுவாசம் என்று எங்கள் பாஸ்டரே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்து பாஸ்டர் லேக் கார்டன்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. சபையில் வைத்து இந்தக் கல்யாணத்தை ஆசீர்வதிக்க முடியாது என்றார். பதிவுத் திருமணம் செய்துகொண்டால் ஒரு வருடத்துக்குப் பாடகர் குழுவில் இடமில்லை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்திலும் பங்கில்லை, அது சபை ஒழுங்கு என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சபை மூப்பர்களில் ஒருவர். அந்த ஒழுங்கைக் கமிட்டியில் கொண்டு வந்தபோது முதலில் கை தூக்கியவரும் அவர்தான். ஆனாலும் பெற்ற பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"அடுத்த வீட்டுப் பிள்ளைக்குன்னா கையத் தூக்கிட்டு, எம் பிள்ளைக்குன்னதும் மடக்க முடியுமாம்மா? நான் ஒன்னத் தடுக்கல. ஆனா நீ செய்யுறது சரின்னும் சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா.

கல்யாணத்துக்கு அம்மா மட்டும் வந்தாள். மாமியார் வீட்டில் என்னைத் தங்கமாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எதையோ தொலைத்தவள் மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றி வருவேன். அப்பாவோடு பேச்சில்லை. இதைப் பார்த்துப் பார்த்து என் கணவர் ஒரு ஆங்கிலச் சபையைக் கண்டுபிடித்தார். யாரை எங்கே கட்டினாய் என்று யாரும் கேட்காத இடம். சரி, பழைய சபைக்கு ஒரே ஒரு தடவை போய் முகத்தைக் காட்டிவிட்டு, தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்தேன். சபையும் அப்பாவும் வேறு வேறு இல்லை. ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பினேன்.

வேண்டுமென்றே மாதத்தின் முதல் ஞாயிறாகப் பார்த்துப் போனேன். அன்றுதான் திருவிருந்து. எல்லோரும் வெள்ளை உடுத்தி வருவார்கள். எனக்குத்தான் கிடையாதே, எனக்கென்ன வெள்ளை என்று கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டேன். என்னை ஒதுக்குவதை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்ற வீம்பு. கணவர் கீழே டீக்கடையில் இருந்துகொண்டார். நான் மாடியேறி, பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன்.

எங்கள் சபையில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் மூப்பர்கள் பெஞ்ச் பெஞ்சாகக் கொண்டு வந்து கொடுப்பார்கள். தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். அன்று பெண்கள் பக்கத்துக்கு அப்பாவின் முறை. ஒவ்வொரு வரிசையாக வந்தார். எனக்கு முந்தின பெஞ்சுக்குக் கொடுத்து முடித்தார். என் முன்னால் வந்து நின்றார். கிண்ணங்கள் ஒன்றோடு ஒன்று இடிக்கும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. அப்பா திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கோபத்தில் கண் நிறைந்துவிட்டது.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு, கடைசியில் மூப்பர்களுக்குப் பாஸ்டர் கொடுப்பார். அவர்கள் முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். அப்பா தட்டை மேஜையில் வைத்தார். வரிசையில் நிற்காமல் பெண்கள் பக்கமாக இறங்கி நடந்தார். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புது மாப்பிள்ளை கூட மனைவி பக்கத்தில் உட்கார முடியாது. தெரியாமல் வந்து உட்கார்ந்த விருந்தாளிகளைக் கையைப் பிடித்து எதிர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. அவர் கடைசி பெஞ்சுக்கு வந்தார். "செத்த தள்ளிக்கோ" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறடி மனிதர், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு ஏறி நின்றன. ஹாலே திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா மெதுவாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பாஸ்டர் மற்ற மூப்பர்களுக்குக் கொடுத்து முடித்து ஜெபத்தை ஆரம்பித்தார்.

"நீங்க எடுக்கலியாப்பா?" என்று கேட்டேன்.

"நீ எடுக்கும்போது எடுத்துக்கிடுதேன்" என்றார்.

படியிறங்கும்போது அம்மாதான் சொன்னாள். "இன்னைக்கு மட்டுமில்லட்டி. உங் கல்யாணத்துக்கு அப்புறம் அவரு ஒரு மாசங்கூட எடுக்கல. எல்லாருக்கும் குடுத்துட்டு வாசல்ல போய் நின்னுக்கிடுவாரு. நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு." எனக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

கீழே டீக்கடையில் அப்பாவும் என் கணவரும் முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றார்கள். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கடைசியில் இலிஷ் மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். கொல்கத்தாவில் அதைப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் தாராளமாக ஓடிவிடும். என் கணவர் குடித்த டீக்கும் சேர்த்து அப்பாவே காசு கொடுத்தார்.

ஆங்கிலச் சபைக்கு நான் போகவில்லை. அந்த வருடம் முடியும்வரை ஒவ்வொரு முதல் ஞாயிறும் அப்பாவும் நானும் அந்தக் கடைசி பெஞ்சில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தோம். யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லை. இப்போது அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம் ஊரோடு போய்விட்டார்கள். என் கல்யாணம் சபைப் போதனைக்கு விரோதம் என்பதில் அப்பா இன்றும் இம்மியும் அசையவில்லை. மருமகனுக்குப் போன் போட்டு மணிக்கணக்கில் பேசுவது வேறு விஷயம். ஒரு வருடம் கழித்து எனக்குத் திருவிருந்து கிடைத்த நாள் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கிடைக்காமல் அப்பாவோடு சேர்ந்து பசித்திருந்த அந்த ஞாயிறுகள்தான் இன்று வரை என்னை விசுவாசத்தில் வைத்திருக்கின்றன.